காது கொஞ்சம் மந்தம்

ஏற்காட்டில் ஓர் ஓட்டலில் பல வருடங்களாக ரிசப்ஷனில் உட்கார்ந்திருக்கிறேன். உட்கார்ந்திருக்கிறேன் என்பது பேச்சுக்குச் சொல்வது. சனி ஞாயிறு வந்துவிட்டால் எனக்குப் பின்னால் நாற்காலி ஒன்று இருப்பதே மறந்துபோகும். பெங்களூர் வண்டி ஒரு பக்கம், சேலம் வண்டி ஒரு பக்கம். எல்லாருக்கும் ஏரி தெரிகிற ரூம்தான் வேண்டும். எங்கள் ஓட்டலில் ஏரி தெரிவது மொட்டை மாடித் தண்ணீர்த் தொட்டியிலிருந்து மட்டும்தான். அதைக் கோபம் வராமல் எடுத்துச் சொல்வதற்குத்தான் எனக்குச் சம்பளம்.

அந்த வேலையில் நான் கெட்டிக்காரி. இதை நானே சொல்லிக்கொள்ள வேண்டியிருக்கிறது, வேறு யாரும் சொல்லமாட்டார்கள். மூக்கு விடைக்க வருகிறவர்களைச் சிரிக்க வைத்து அனுப்புவேன். போன வருடம் வந்தவரின் முகத்தைப் பார்த்து, பாப்பாவுக்கு வாந்தி நின்றதா என்று கேட்பேன். அப்படிப்பட்டவளுக்குக் காலையில் சொன்னது மத்தியானம் நினைவில் இருக்காது என்றால் யார் நம்புவார்கள்? வேண்டுமென்றே செய்கிறாள் என்றுதான் நினைப்பார்கள். நினைத்தார்கள்.

எங்கள் இடத்தில் வேலை என்பது போகிற போக்கில் சொல்லப்படுவது. மேனேஜர் சேலத்துக்காரர். தினமும் குப்பனூர் மலை ரோட்டில் பைக்கில் ஏறி வருவார், குளிரில் மூக்கு சிவந்திருக்கும். படியிறங்கிக்கொண்டே, “ஏனுங்க மேடம், பன்னண்டாம் நம்பருக்கு எக்ஸ்ட்ரா பெட்டு சொல்லிருங்க. நாலாம் நம்பரை நாமக்கல் பார்ட்டிக்கு வெச்சிருங்க. அப்பறம் அந்த பெங்களூர்க்காரரு கூப்ட்டா நான் இல்லீன்னு சொல்லிருங்க” என்பார். கடைசி வார்த்தை வரும்போது அவர் வாசலைத் தாண்டியிருப்பார். அதே நேரத்தில் ஃபோன் அடிக்கும். லாபி டிவியில் யாரோ யாரையோ அறைந்துகொண்டிருப்பார்கள். கவுன்டர் மணியை ஒரு குழந்தை தட்டிக்கொண்டே இருக்கும். எனக்கு எல்லாச் சத்தமும் ஒரே அளவில்தான் கேட்கும். எது முக்கியம், எது முக்கியமில்லை என்று பிரித்துக் கொடுக்கிற ஆள் என் மண்டைக்குள் வேலைக்கு வந்ததே இல்லை. தலையாட்டி முடிப்பேன். பெங்களூர்க்காரர் மட்டும் மனதில் நிற்பார். பன்னிரண்டும் நாலும் போன இடம் தெரியாது.

“சொன்னனில்லீங்க?” இந்தக் கேள்வியைச் சின்ன வயதிலிருந்து கேட்டுக்கொண்டிருக்கிறேன். பள்ளிக்கூடத்தில் சிஸ்டர்கள் கேட்டார்கள். அம்மா கேட்டாள். கல்யாணமான புதிதில் கணவர் கேட்டார், பிறகு கேட்பதை விட்டுவிட்டார். கேட்பதை விட்டதுதான் எனக்கு அதிகம் வலித்தது. சொன்னது உண்மை, எனக்குக் கேட்டதும் உண்மை. ஆனால் இப்போது அது என்னிடம் இல்லை. இதை எந்த மொழியில் சொன்னாலும் திமிராகத்தான் ஒலிக்கிறது.

ஓட்டலுக்குப் பின்னால் ஊழியர்களுக்கான வீடுகள் இருக்கின்றன. இரண்டு அறை, ஒரு சமையல் மேடை, மழைக்காலத்தில் சுவரெல்லாம் பச்சை. எனக்கு வேலை இருக்கும்வரை அதில் ஒன்று எங்களுடையது. கணவர் பள்ளி வேன் ஓட்டுகிறார். டவுனில் வாடகைக்கு வீடு என்பது இப்போது கிடையாது. மாட்டுக் கொட்டகைக்குக்கூட வெள்ளையடித்து ஹோம் ஸ்டே என்று போர்டு மாட்டிவிட்டார்கள். வேலை போனால் வீடு போகும், வீடு போனால் மலையை விட்டே இறங்க வேண்டும். கணவரின் வேலையும் சேர்ந்து போகும். இதை நாங்கள் இரண்டு பேரும் பேசிக்கொண்டதில்லை. பேசாமலே தெரியும்.

மே மாதம் சீசன். அதே சமயத்தில்தான் சேர்வராயன் கோயில் திருவிழாவும் வரும். மலைக் கிராமத்து ஆட்கள் பாதிப்பேர் லீவில் போயிருந்தார்கள். அந்தக் கூட்டத்தில் ஒரே ரூமை இரண்டு குடும்பங்களுக்குக் கொடுத்துவிட்டேன். ஈரோட்டிலிருந்து வந்த வயதான தம்பதி, சால்வையைப் போர்த்திக்கொண்டு லாபி சோபாவில் பொழுது சாயும்வரை உட்கார்ந்திருந்தார்கள். அந்த அம்மாள் என்னைத் திட்டவே இல்லை. காபி மட்டும் கேட்டார். அந்தக் காபியையும் மறந்துவிட்டேன்.

மேனேஜர் மெமோ கொடுத்தார். அது இரண்டாவது. “தங்களது கவனக்குறைவால்” என்று தொடங்கியது. முதல் மெமோவும் அப்படித்தான் தொடங்கியிருந்தது.

“மூணாவதுக்கு மெமோ கெடையாதுங்க மேடம்” என்றார். “ஓனர் சொல்லிட்டாரு. ஊட்டையும் காலி பண்ணிக் குடுக்க வேண்டியிருக்கும். எங்கையில ஒண்ணுமில்லீங்க.”

அவர் கெட்டவர் இல்லை. சொல்லும்போது என் முகத்தைப் பார்க்கவில்லை.

அதற்குப் பிறகு தூக்கம் போனது. படுத்தால் ரூம் நம்பர்கள் ஓடும். நெஞ்சு படபடப்புக்காகச் சேலத்தில் ஒரு டாக்டரிடம் போனேன். அவர் நெஞ்சில் ஒன்றுமில்லை என்று மனநல டாக்டரிடம் அனுப்பினார். அந்த டாக்டர் பெண், என்னைவிட வயதில் சிறியவர். நெஞ்சைப் பற்றிக் கேட்கவே இல்லை. பள்ளிக்கூடத்தில் டிபன் பாக்ஸ் தொலைப்பீர்களா, அடுப்பில் பால் வைத்துவிட்டு வேறு வேலைக்குப் போய்விடுவீர்களா, பேசுகிறவர் முடிப்பதற்குள் குறுக்கே பேசுவீர்களா என்று கேட்டுக்கொண்டே போனார். எங்கள் வீட்டில் ஒளிந்திருந்து பார்த்த மாதிரி இருந்தது. இரண்டு மூன்று தடவை வரச் சொல்லி, கடைசியில் ஆங்கிலத்தில் நாலு எழுத்தில் ஒரு பெயர் சொன்னார்.

“தமிழ்ல என்னங்க டாக்டர்?”

அவர் கொஞ்சம் யோசித்தார். “கவனக்குறைவுக் கோளாறுன்னு சொல்லலாம்.”

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. “எங்க மேனேஜர் இதையேதானுங்க எழுதிக் குடுத்திருக்காரு. அவரு பீஸுகூட வாங்கல.”

டாக்டரும் சிரித்தார். பிறகு எனக்கு அழுகை வந்தது. நாற்பது வயதுக்குமேல் ஒரு பெயர் கிடைக்கிறது, அதுவும் இத்தனை நாள் திட்டிய அதே பெயர். மாத்திரை எழுதிக் கொடுத்தார். மாத்திரை மட்டும் போதாது, வேலை செய்கிற இடத்தில் சில அட்ஜஸ்ட்மென்ட் கேளுங்கள் என்றார். எது எனக்கு உதவும் என்று என்னையே சொல்ல வைத்தார். வேலையை வாயால் சொல்லாமல் எழுதித் தர வேண்டும். காலையில் ரூம் பிரிக்கிற நேரத்தில் ஃபோன் என் பக்கத்தில் இருக்கக் கூடாது. லாபி டிவியை நிறுத்த வேண்டும். இவ்வளவுதான். சொல்லிப் பார்த்தபோது எவ்வளவு சின்ன விஷயங்கள் என்று எனக்கே வெட்கமாக இருந்தது.

“இதுக்கு யாராச்சும் மாட்டேன்னு சொல்வாங்களா?” என்றார் டாக்டர். அவர் ஓட்டலில் வேலை பார்த்ததில்லை.

மலையேறும் பஸ்ஸில் ஒவ்வொரு வளைவிலும் அதைச் சொல்லிப் பார்த்துக்கொண்டே வந்தேன். கணவரிடம் சொன்னபோது அவர் வேனைத் துடைத்துக்கொண்டிருந்தார். “கேட்டுப் பாரு. கேக்கறதுல என்ன போகுது” என்றார். பிறகு துணியைப் பிழிந்துகொண்டே, “ஊட்டுக்கு மட்டும் பங்கம் வராமப் பாத்துக்க” என்றார்.

கூட்டமில்லாத ஒரு செவ்வாய்க்கிழமை மேனேஜர் அறைக்குப் போனேன். அவர் இரண்டு ஃபோன்களைக் காதில் வைத்துக்கொண்டிருந்தார். ஒன்றை வைத்ததும் தொடங்கினேன்.

“சார், டாக்டர்கிட்டப் போயிருந்தனுங்க. வேலையில கொஞ்சம் அட்ஜஸ்ட்மென்ட் வேணும்னு சொன்னாங்க.”

அவர் முகம் மலர்ந்தது. இத்தனை வருடத்தில் அப்படி ஒரு மலர்ச்சியை நான் பார்த்ததில்லை. “நொம்ப சந்தோசமுங்க மேடம். நீங்களே புரிஞ்சுக்கிட்டீங்க பாருங்க. எல்லாரும் கொஞ்சம் கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணாத்தானுங்களே இந்த சீசனை ஓட்ட முடியும்? ரெஸ்டாரன்ட் டேபிள் புக்கிங் ஃபோனை யாருகிட்டக் குடுக்கறதுன்னு தலையப் பிச்சுக்கிட்டிருந்தனுங்க. அதையும் நீங்களே பாத்துக்கங்க.”

நான் “சரிங்க சார்” என்று சொல்லிவிட்டு வெளியே வந்தேன்.

ஏன் சொன்னேன் என்று கேட்காதீர்கள். ரிசப்ஷன்காரியின் நாக்கு அப்படித்தான் பழகியிருக்கிறது. வெளியே வந்து கவுன்டரில் நின்ற பிறகுதான் நடந்தது உறைத்தது. நம் ஊரில் அட்ஜஸ்ட் என்கிற வார்த்தைக்கு ஒரே ஒரு திசைதான். பஸ்ஸில் மூன்று பேர் சீட்டில் நாலாவது ஆள் வந்து, “கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணுங்க” என்றால் நகர வேண்டியது ஏற்கெனவே உட்கார்ந்திருப்பவள். கெய்சர் ஓடாத ரூம்காரரிடம், “இன்னிக்கு ஒரு நாள் அட்ஜஸ்ட் பண்ணிக்கங்க சார்” என்று நான் சொன்னால் பச்சைத் தண்ணீரில் குளிக்க வேண்டியது அவர். வார்த்தை யார் வாயிலிருந்து வந்தாலும் சரி, நகர்வது இடமில்லாத ஆள்தான். இந்த வார்த்தையை வைத்துக்கொண்டு போய் மேனேஜரை நகரச் சொன்னேன். அவருக்கு எப்படிப் புரியும்?

ரெஸ்டாரன்ட் ஃபோன் சிவப்பு நிறம். பழைய ஃபோனுக்குப் பக்கத்திலேயே வைத்துவிட்டுப் போனார்கள். இரண்டும் சேர்ந்து அடிக்கும்போது எதை எடுத்தேன் என்பது எடுத்த பிறகும் தெரியாது. டேபிள் கேட்டவருக்கு ரூம் ரேட் சொன்னேன். மாத்திரை சாப்பிட்டதில் பசி போனது. பசி போனதில் கோபம் வந்தது. வீட்டுக்கு வந்து பாத்திரங்களிடம் காட்டினேன். ஒரு நாள் நாமக்கல் பார்ட்டியின் புக்கிங்கை அடியோடு மறந்திருந்தேன். அவர்கள் வந்து இறங்குவதற்குச் சற்று முன்னால், யாரோ கேன்சல் செய்த ரூம் கைக்கு வந்தது. அன்றைக்குத் தப்பித்தேன். வீடும் தப்பித்தது. ஒவ்வொரு நாளும் இப்படிக் கடவுளை வேலை வாங்க முடியாது.

மறுபடியும் அவர் அறைக்குப் போனேன். இந்த முறை அந்த வார்த்தையை எடுக்கவே இல்லை.

“சார், அன்னிக்கு நான் சொன்னது உங்களுக்கு வேற மாதிரி புரிஞ்சுடுச்சுங்க. மாத்திக்க வேண்டியது நானில்லீங்க. நீங்க.”

“நானுங்களா?” அவர் சுற்றும் முற்றும் பார்த்தார், வேறு யாரையாவது சொல்கிறேனோ என்று.

டாக்டர் தந்த சான்றிதழை எடுத்து வைத்தேன். மூன்று விஷயங்களையும் சொன்னேன். அவர் பொறுமையாகக் கேட்டார். சான்றிதழைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“இதுக்குத் தமிழ்ல என்னங்க?”

“கவனக்குறைவுக் கோளாறுங்க.”

“அதைத்தானுங்களே நானும் மெமோவுல எழுதியிருக்கேன்.”

“நீங்க குத்தம்னு எழுதியிருக்கீங்க சார். அவங்க நோவுன்னு எழுதியிருக்காங்க.”

அவர் சான்றிதழை மறுபடி கையில் எடுத்தார். மேலே டாக்டரின் படிப்பும் மருத்துவமனையின் துறையும் அச்சிட்டிருந்த இடத்தில் விரலை வைத்தார். குரல் தணிந்தது. “மனநலம்னு போட்டிருக்குதுங்களே மேடம். இதை ஓனர்கிட்டக் காட்டுனா அவரு என்ன நெனப்பாரு? ரிசப்ஷன்ல இப்படி ஒரு ஆளான்னு கேட்பாரு. உங்களைத் துணி அடுக்கற லினன் ரூமுக்குப் போகச் சொல்லுவாரு. ரிசப்ஷன் ஆளுக்குத்தானுங்க ஊடு.”

வீடு என்ற சொல் வந்ததும் சான்றிதழை எடுத்து மடித்துக்கொண்டேன்.

அவர் நெடுநேரம் மோட்டுவளையைப் பார்த்தார். பிறகு மெதுவாக, ஏதோ நல்லது செய்கிற முகத்தோடு சொன்னார். “ஒண்ணு செய்யலாங்களா? காது கொஞ்சம் மந்தம்னு சொல்லிறலாங்க. எங்கப்பாவுக்கு மில்லு வேலையில காது போச்சு. எழுதிக் காட்டித்தான் பேசுவோம். இன்னிக்கு வரைக்கும் யாரும் அவரை ஒரு வார்த்தை சொன்னதில்லீங்க. காதுன்னா எல்லாருக்கும் புரியும்.”

எனக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. அலுப்புத்தான் வந்தது. உட்கார ஓர் இடம் கிடைத்தால் போதும் என்கிற அலுப்பு. “சரிங்க சார்” என்றேன்.

அன்றிலிருந்து எனக்குக் காது கேட்காது.

நான் கேட்டதெல்லாம் ஒரே நாளில் கிடைத்தது. கேட்காததும் கிடைத்தது. காது கேளாதவளுக்கு ஃபோன் எதற்கு? சிவப்பு ஃபோன், கறுப்பு ஃபோன் இரண்டும் மேனேஜர் அறைக்குப் போயின. கஸ்டமர் பேசுவது கேட்க வேண்டுமே என்று டிவியை நிறுத்தினார்கள். வேலைகள் எல்லாம் துண்டுத் தாளில் வந்தன, பிறகு வாட்ஸ்அப்பில் வந்தன. பன்னிரண்டுக்கு எக்ஸ்ட்ரா பெட். நாலு நாமக்கல் பார்ட்டிக்கு. ஒவ்வொன்றாகச் செய்து ஒவ்வொன்றாக அடித்தேன். கஸ்டமர்களிடம் மட்டும் சரளமாகப் பேசுகிறாளே என்று யாரோ கேட்டதற்கு, “ஒதட்டைப் பாத்தே புரிஞ்சுக்குவாங்க” என்று மேனேஜர் சமாளித்தார். ஒரு மாதம் ஒரு தவறும் இல்லாமல் போனது. எனக்கு நினைவு தெரிந்து அப்படி ஒரு மாதம் இருந்ததே இல்லை.

கணவரிடம் சொன்னபோது அவர் விழுந்து விழுந்து சிரித்தார். நானும் சிரித்தேன். சிரித்து முடித்ததும் அவர் எழுந்து போய் வாசல் கதவைச் சாத்திவிட்டு வந்தார்.

இதில் ஒரு சிக்கல் இருந்தது, அதை மேனேஜரும் யோசிக்கவில்லை, நானும் யோசிக்கவில்லை. என் கோளாறே எந்தச் சத்தம் கேட்டாலும் திரும்புவதுதான். ஸ்பூன் விழுந்தால் திரும்புவேன், குரங்கு தகரத்தில் குதித்தால் திரும்புவேன், பக்கத்து அறையில் யாராவது சாக்லேட் தாளைப் பிரித்தால்கூடத் திரும்புவேன். அப்படிப்பட்டவள் இப்போது திரும்பக் கூடாது. பின்னாலிருந்து கூப்பிட்டால் தோளைத் தொடும்வரை கல்லாக நிற்க வேண்டும். கழுத்தைப் பிடித்துக்கொண்டு நிற்பேன். ஒரு நாள் கிச்சனில் தட்டுகள் மொத்தமாகச் சரிந்து விழுந்தபோது துள்ளிவிட்டேன். அதிர்வு தெரிந்திருக்கும் பாவம் என்று எனக்காக அவர்களே காரணம் சொல்லிக்கொண்டார்கள். மாலையில் வீட்டுக்குப் போனால் பேசக்கூடத் தெம்பிருக்காது. முன்பு வேலையை நினைவில் வைக்கப் பட்ட பாட்டைவிட, காது கேளாமல் இருக்கப் படும் பாடு பெரிதாகிவிட்டது.

இன்னொன்று, எல்லாரும் என் எதிரிலேயே என்னைப் பற்றிப் பேசத் தொடங்கினார்கள்.

ஹவுஸ்கீப்பிங் சூப்பர்வைசர் மாரமங்கலத்துக்காரர். என்னைவிட மூத்தவர், நான் அக்கா என்பேன். தினமும் பஸ்ஸில் வந்து போவார். குரல் பெரியது. எனக்குக் காது போன பிறகு அது இன்னும் பெரிதானது. “கண்ணூ, சாப்ட்டியா” என்று என் முகத்துக்கு நேராக வந்து கத்துவார். பாசம்தான், ஆனால் மண்டையில் சுத்தியலால் அடிக்கிற மாதிரி இருக்கும். ஒரு நாள் கவுன்டருக்குப் பக்கத்தில் நின்று கிச்சன் மாஸ்டரிடம் சொல்லிக்கொண்டிருந்தார். “பாவமுங்க இந்தப் புள்ள. காது போனதுக்கப்பறம் எவ்வளவு ஒழுங்கா வேலை பாக்குது. முன்னாடியெல்லாம் சொன்னா மதிக்க மாட்டீங்குதுன்னு, திமிருன்னுதானுங்க நெனச்சிருந்தேன். காதுதானாட்ட இருக்குது, நமக்கென்ன தெரியும்.”

நான் கம்ப்யூட்டர் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். இத்தனை வருடம் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட்டவர். மன்னிப்புக் கிடைத்துவிட்டது, ஆனால் இல்லாத ஒரு நோய்க்கு. அன்றைக்கு ரொம்ப நேரம் அந்தத் திரையில் என்ன இருந்தது என்று எனக்குத் தெரியாது.

ஒரு மத்தியானம் மழை. கரன்ட் இல்லை. லாபியில் நானும் அக்காவும் மட்டும்தான். அக்கா துண்டுகளை மடித்துக் கவுன்டரில் அடுக்கிக்கொண்டிருந்தார். வழக்கம்போலக் கத்தவில்லை. தனக்குத்தானே பேசுகிறவர் போலத் தாழ்ந்த குரலில், என்னைப் பார்க்காமல் பேசினார்.

“உனக்கென்ன கண்ணு, காதுன்னு சொல்லிட்டே, எல்லாத்தையும் மாத்திக் குடுத்துட்டாங்க. நான் என்னத்தைச் சொல்றது? ரெண்டு முட்டியும் போச்சு. மேல் பிளாக் படி ஏறங்காட்டி உசுரு போய் உசுரு வருது. ஏறிட்டு, கதவைச் சாத்திக்கிட்டு ஒக்காந்து அழுதுட்டுத்தான் பெட்டு போடறேன். சொன்னா ஊட்டுக்குப் போன்னு அனுப்பீருவாங்க. எம்பையன் சம்பாத்தியத்துல நான் சோறு திங்க முடியுமா? உனக்குக் கேக்காதுன்னுதான் சொல்றேன். கேக்கற காதுகிட்டச் சொல்றதுக்கு எனக்கு ஆளில்ல.”

துண்டுகள் அடுக்கியாகிவிட்டது. அவர் கவுன்டரைப் பிடித்துக்கொண்டு நின்றார், நகரவில்லை. நகர்ந்தால் வலிக்கும் என்று இப்போது எனக்குத் தெரியும். வாயைத் திறந்தால் வீட்டுக்கு ஆபத்து என்பதும் தெரியும். கணவரின் முகம் வந்தது. வேன் துடைத்த துணி வந்தது. நான் பேசாமல் இருந்திருக்கலாம். இருக்க முடியவில்லை.

“மேல் பிளாக்கை மாத்திக் கேக்கலாங்கக்கா” என்றேன்.

அக்கா என்னை நிமிர்ந்து பார்த்தார். நான் அவர் உதட்டைப் பார்க்கவில்லை என்பது அவருக்குத் தெரியும். கையை வாயில் வைத்தார்.

“உனக்குக் கேக்குதா?”

“கேக்குதுங்கக்கா.”

“எல்லாமா?”

“எல்லாமேதான். எப்பவுமே.”

“அன்னிக்கு நான் திமிருன்னு சொன்னது?”

“அதுவுந்தான்.”

அவருடைய முகம் சிவந்தது. வெட்கமா கோபமா என்று தெரியவில்லை, இரண்டும்தான் என்று நினைக்கிறேன். “அப்ப எதுக்கு இத்தனை நாளு செவிடியாட்ட நடிச்சே? உங்கிட்டக் கத்திக் கத்தி எனக்குத் தொண்டை போச்சு கண்ணு.”

“ஊடு வேணுமில்லீங்கக்கா.”

அதற்குமேல் அவர் அதைக் கேட்கவில்லை. என் நாற்காலியை இழுத்து, வலியோடு உட்கார்ந்தார். மழை விடும்வரை சொன்னேன். சிஸ்டர்களிடமிருந்து தொடங்கி, மெமோ, டாக்டர், அட்ஜஸ்ட்மென்ட் எல்லாம் சொன்னேன். குறுக்கே நாலு விஷயங்களுக்குப் போய் வந்தேன். அவர் ஒவ்வொரு முறையும், “அதை வுடு, மெமோவுல நின்னே” என்று எடுத்துக் கொடுத்தார். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, “இதை எங்கிட்டச் சொல்லியிருந்தா நானே எழுதி எழுதிக் குடுத்திருப்பனே” என்றார். எனக்கு அது தோன்றவே இல்லை. மேனேஜர், ஓனர் என்று மேலேயே பார்த்துக்கொண்டிருந்தேன்.

மறுநாள் காலை எல்லாரும் லாபியில் நின்றபடி அன்றைய வேலைகளைப் பேசினோம். அக்காவால் சொல்ல முடியவில்லை. தலையைக் குனிந்துகொண்டார். நான்தான் சொன்னேன்.

“சார், அக்காவுக்கு முட்டி வலிங்க. மேல் பிளாக் ஏற முடியல.”

“முட்டிங்களா?” என்றார் மேனேஜர். “அதை மொதல்லயே சொல்றதுக்கென்னங்க? இன்னையிலிருந்து கீழ் பிளாக் பாத்துக்கங்க.” அவ்வளவுதான், அடுத்த வேலைக்குப் போய்விட்டார். சான்றிதழ் கேட்கவில்லை. முட்டிக்குத் தமிழில் என்ன என்று கேட்கவில்லை. அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டார். எனக்குச் சந்தோஷம்தான். கூடவே வயிறும் எரிந்தது, அதை மறைப்பானேன்.

அப்போது கடைசி வரிசையில் கிச்சன் மாஸ்டர் பக்கத்து ஆளிடம் முணுமுணுத்தார். “அந்தம்மா முட்டி வலின்னு இவங்களுக்கு எப்படித் தெரிஞ்சுதாமா?”

சத்தம் கேட்டதும் என் கழுத்து தானாகத் திரும்பிவிட்டது. “அவங்கதான் சொன்னாங்க” என்றேன்.

எல்லாரும் என் பக்கம் திரும்பினார்கள். மாஸ்டர் நின்றது தூணுக்குப் பின்னால். அவர் உதட்டை யாராலும் பார்த்திருக்க முடியாது. மேனேஜர் என்னைப் பார்த்து, வேண்டாம் என்பது போல லேசாகத் தலையசைத்தார். அதிர்வு என்று எதையாவது சொல்லிச் சமாளித்திருப்பார், சமாளிக்கக் கூடியவர்தான். எனக்குத்தான் இனிமேல் முடியாது என்று இருந்தது. ஒரு நாள்கூட, ஒரு தட்டு விழும் சத்தத்துக்குக்கூட முடியாது.

“எனக்குக் காது நல்லாக் கேக்குமுங்க” என்றேன். குரல் எழவில்லை. “வாயால சொன்னா மண்டையில நிக்காது. அதுதான் வியாதி.”

யாருக்கும் சரியாகக் கேட்கவில்லை போல. என்ன, என்ன என்றார்கள். மாரமங்கலத்து அக்கா என் பக்கத்தில் வந்து நின்றார். இத்தனை மாதம் என் காதருகே வைத்திருந்த அந்தக் குரலை எடுத்து, லாபி முழுவதற்கும் கேட்கும்படி சொன்னார்.

“அவளுக்குக் காது நல்லாக் கேக்குமாமா. வாயில சொன்னா மண்டையில நிக்காதாமா. டாக்டரே சொல்லீட்டாங்களாமா. எதா இருந்தாலும் எழுதிக் குடுங்க. ஆரும் இனிமே கத்தாதீங்க.”

மாஸ்டர் தலையைச் சொறிந்தார். யாரோ சிரித்தார்கள், கெட்ட சிரிப்பு இல்லை. ஒவ்வொருவராகக் கலைந்து வேலைக்குப் போனார்கள். மேனேஜர் மட்டும் போகவில்லை. கவுன்டரில் முழங்கையை ஊன்றிக்கொண்டு நின்றார். அவரும் தூங்கி நாளாகியிருக்கும் என்று அப்போதுதான் கவனித்தேன்.

“இனி இது ஓனர் காதுக்குப் போயிருமுங்க மேடம். அவரு கேட்டா நான் என்னன்னு சொல்றது? அந்தப் பேரே எனக்கு மண்டையில நிக்க மாட்டீங்குது.”

“எழுதிக் குடுக்கறனுங்க சார்” என்றேன்.

வீடு நிலைக்குமோ போகுமோ, அது ஓனர் கையில். துண்டுத் தாள் ஒன்றைக் கிழித்தேன். பேனாவை எங்கே வைத்தேன் என்று தேடி எடுத்தேன். காது என்று எழுதவில்லை.